அறுகம்பேயில் "வெளிநாட்டவருக்கு மட்டும்" போர்ட்: சட்டத்தில் என்ன வழி?

உல்லைக்காற்று:
நானாமார், அண்ணன்மார், ஒரு சந்தேகம். சீசனில் நம்மட ஆக்களுக்குச் சாப்பாடு இல்லை என்று ஒரு கடை திருப்பி அனுப்பினால் என்ன செய்யலாம்? ஹோட்டலைப் பற்றியே இலங்கை அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருக்காமே?

கல்லடிப்பாலம்:
இருக்கு தம்பி, உறுப்புரை 12(3). கடை, பொது உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களுக்குப் போக இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகத் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது. ஆனால் "உள்ளூர்க்காரர்" அந்தப் பட்டியலில் இல்லை. பிறந்த இடம் 12(2)இல் வருது, 12(3)இல் விட்டுட்டாங்க. அதோட, உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றம் போறதெல்லாம் அரச நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான். அரசே நடத்துற கன்ரீன் என்றால் சரி, தனியார் முதலாளி இதில் சிக்கமாட்டார்.

வாவிக்கரை:
தனியாருக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைப் பாருங்க, 2003இன் 9ஆம் இலக்கம், பிரிவு 15. விற்க வைத்திருக்கிற பொருளை விற்க மறுக்கக்கூடாது. இனம், மதம் என்று காரணம் நிரூபிக்கிற தலையிடி இல்லை, பொருள் கையில் இருந்ததைக் காட்டினால் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் வடை அடுக்கியிருக்க "முடிஞ்சுது" என்றால், பெட்டியும் போர்ட்டும் ஒன்றாகத் தெரியப் படமெடுங்க. இன்னும் கொத்தாத கொத்துரொட்டிக்கு இந்த வாதம் அவ்வளவு நிற்காது. முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின்ட 1977 இலக்கத்துக்கு அழையுங்க.

சாதி பார்த்து மறுத்தால் கதை வேறு. அது 1957இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், நேரே பொலிஸ். அங்கே பிழை நடக்கிற இடம் ஒன்று இருக்கு: பொலிஸ் "வாய்த்தர்க்கம்" என்று எழுதிவிட்டால் பிறகு அது வெறும் சண்டைதான். கடைக்காரர் சொன்ன சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்க, வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீங்க. மாற்றுத்திறனாளி என்று உள்ளே விடாவிட்டால் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், மேல் நீதிமன்றம்.

உல்லைக்காற்று:
பொலிஸ் முறைப்பாட்டையே எடுக்காவிட்டால்?

கல்லடிப்பாலம்:
அப்பதான் அரசியலமைப்புக் கதவு திறக்கும். பொலிஸ் மறுக்கிறது நிருவாகச் செயல், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற 12(1)இல் உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம். மறுத்த நாளிலிருந்து 1 மாதம்தான் தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுங்க, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கு. தமிழில் எழுதலாம், காசு இல்லை. ஆனால் முறைப்பாடு போட்டாச்சு என்று சும்மா இருந்தால் தவணை போயிடும். ஆணைக்குழுவில் விசாரணை நடக்கிற நாட்கள் மட்டும்தான் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. அதனால் ஆணைக்குழு அனுப்புற ஒவ்வொரு கடிதத்தையும் உறையோட வைங்க, விசாரணை நடந்ததுக்கு அதுதான் சாட்சி.