கொடுங்கையூர்: குப்பைமேடு முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா?

வடசென்னை_வாசு:
நேற்று வேறொரு இழையில் ரகு40 போகிற போக்கில் எழுதியது: "குப்பைமேடு இருப்பது தெரிந்துதானே கொடுங்கையூரில் மலிவாக மனை வாங்கினார்கள்? இப்போது எரி உலை வேண்டாம் என்று மனிதச் சங்கிலி எதற்கு?" படித்ததும் சோறு இறங்கவில்லை.

எங்கள் வடசென்னைக் கொடுங்கையூரில் 252 ஏக்கரில் கிடக்கும் சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை, 640 கோடி ரூபாய் திட்டத்தில் தோண்டிச் சலித்து அகற்றுகிறார்கள். சரி, சந்தோஷம். ஆனால் அதே வளாகத்தில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வருமாம். இத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தவனுக்கு இதுதான் பரிசா? ரகு சாருக்கு ஒரே கேள்வி. யார் முதலில் வந்தது?

ரகு40:
கோபப்படாமல் கேளுங்கள் வாசு சார். 80களிலேயே அங்கே குப்பை கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றியுள்ள மனைகளில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு போட்டவை. விலை குறைவு, வாங்கினீர்கள். இதில் என் தப்பு என்ன? ஹைதராபாத் ஜவகர் நகரில் இதே மாதிரி ஆலை ஓடுகிறதே, அங்கே மனிதர்கள் இல்லையா?

சல்லடைப்_பொறியாளர்:
இந்தத் துறையில் இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். மேட்டைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவிட்டு, உருளைச் சல்லடையில் போடுவார்கள். பிளாஸ்டிக், துணியெல்லாம் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். கல், செங்கல் பள்ளம் நிரப்ப. மிஞ்சுவது பொடி மண். பழைய புடவை ஒன்று உருளையில் சுற்றிக்கொண்டால் அரை நாள் வேலை போச்சு.

ஆனால் மேலே உள்ள குப்பை போய்விட்டால் நிலம் சுத்தமாகிவிடுமா? பல வருஷக் கசிவுநீர் ஊறிய அடிமண், நிலத்தடி நீர், இவற்றை என்ன செய்வது? பூங்காவுக்கு ஒரு அளவு, வீட்டுக்கு வேறொரு அளவு. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே.

வடசென்னை_வாசு:
பொறியாளர் தம்பி, அதெல்லாம் அப்புறம். ரகு பதில் சொல்லவில்லை, நழுவுகிறார்.

80களில் கொட்டினார்களாம். எங்கே? ஒரு மூலையில். அந்த மூலை எங்கள் தெருமுனை வரை நடந்து வந்தது யாருடைய காலால்? மகாகவி பாரதி நகரை யார் போட்டது, நாங்களா? வீட்டுவசதி வாரியம். அரசாங்கமே மனை பிரித்து விற்றபோது "பக்கத்தில் குப்பை வளரும்" என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்களா? என் அப்பா பத்திரம் எழுதும்போது மேற்கே முள்காடும் எருமையும்தான். குப்பைதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ரகு40:
எந்த வருஷப் பத்திரம்?

வடசென்னை_வாசு:
வருஷம் கேட்க நீங்கள் என்ன சார்பதிவாளரா?

மயிலை_மாமி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கோ. தெற்கே பெருங்குடிக் குப்பைமேட்டிலும் இதே மாதிரி சலித்து இடத்தை மீட்டிருக்கா. பூங்கா வரும்னு மாநகராட்சி சொன்னது. அங்கேயும் "சதுப்பு நிலத்துக்கே திருப்பிக் கொடு" என்று ஆட்சேபம். எதைச் செய்தாலும் குறை சொன்னா எப்படி?

வடசென்னை_வாசு:
மாமி, நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தெற்கே குப்பை போன இடத்தில் பூங்கா வரலாமா வேண்டாமா என்று வாக்குவாதம். வடக்கே குப்பை போன இடத்தில் புகைபோக்கி. துறைமுகம் எங்களிடம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எங்களிடம், அனல் மின் நிலையம் எங்களிடம், கழிவுநீர் நிலையமும் எங்களிடம். ஊரே எங்கள் முதுகில்தான் ஓடுகிறது. பூங்கா மட்டும் வழி தெரியாமல் தெற்கே போய்விடும்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து படகெல்லாம் கறுத்துக் கிடந்தபோது இதே ரகு "மழைத் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும்" என்று எழுதினார். மறக்கவில்லை.

ரகு40:
அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? அன்று நான் சொன்னதே வேறு. போய் முழுசாகப் படியுங்கள்.

கோவை_குமரன்:
எங்கள் வெள்ளலூரில் 2024 ஏப்ரலில் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. நாட்கணக்கில் புகை. உலை போட்டால் புகைபோக்கியில் வடிகட்டியாவது இருக்கும். தானாக எரியும் மேட்டுக்கு என்ன வடிகட்டி? யோசியுங்கள் அண்ணா.

வடசென்னை_வாசு:
குமரா, மேடே இல்லாமல் போனால் எது தானாக எரியும்? அதற்குத்தானே 640 கோடி? மேட்டை எடுத்துவிட்டு, எரிப்பதை மட்டும் நிரந்தரமாக்குவதா? டெல்லி ஓக்லாவில் 2012 முதல் ஆலை ஓடுகிறது, குடியிருப்பவர்கள் நீதிமன்றப் படியேறி ஓய்ந்தபாடில்லை. நம் ஊர்க் குப்பை பாதிக்கு மேல் ஈரம். எரிய வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வேண்டும். அதன் சாம்பலை எங்கே கொட்டுவார்கள்? பெசன்ட் நகரிலா?

கோவை_குமரன்:
கோயம்புத்தூர்க்காரன் பேசினால் சென்னைக்காரருக்கு ஆகாது. வருகிறேன்.

சல்லடைப்_பொறியாளர்:
அடிமண் பற்றிக் கேட்டிருந்தேன். யாராவது?

ரகு40:
மாமிக்குப் பூங்கா, குமரனுக்கு ஓக்லா. எனக்கு மட்டும் பத்திர வருஷம் கிடைக்காது. குப்பை முதலில் வந்தது, அவ்வளவுதான்.

வடசென்னை_வாசு:
வீடு முதலில். பேரிலேயே அஞ்சல் எண் 40 வைத்திருக்கிறீர்களே, அண்ணா நகர்தானே? அது மாநகராட்சியின் 8-ஆம் மண்டலம். 1 முதல் 8 வரை எல்லா மண்டலத்துக் குப்பையும் கொடுங்கையூருக்குத்தான் வந்தது. உங்கள் வீட்டு டயப்பர் எங்கள் மேட்டில் கிடக்கிறது சார்.

ரகு40:
அது பழைய முகவரி. இப்போது முகப்பேர்.

வடசென்னை_வாசு:
முகப்பேர் 7-ஆம் மண்டலம். டயப்பர் வேறு லாரியில் வந்திருக்கும்.

மயிலை_மாமி:
டயப்பர் வரைக்கும் வந்தாச்சு. நிர்வாகி இருக்காரா?

ரகு40:
பத்திர நகலை இங்கே ஏற்றுங்கள், வருஷம் தெரிகிற மாதிரி. அதுவரை நான் எழுதியது எழுதியதுதான்.

வடசென்னை_வாசு:
ஏற்றுகிறேன். முதலில் உங்கள் வீட்டில் ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் தனித்தனியாகப் போடுகிற படத்தை நீங்கள் ஏற்றுங்கள்.