கொன்ரேயின்ர பின்வரிசை மூண்டோ ஐஞ்சோ?

முறிகண்டிக் கச்சான்: நேற்று ஒருத்தர் எழுதியிருக்கிறார், 2016இல பயிற்சியாளர் கொன்ரே இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் செல்சீயைத் "தாக்குதல் 3-4-3"இல (பின்னுக்கு மூண்டு, நடுவில நாலு, முன்னுக்கு மூண்டு) இறக்கினாராம். சிரிப்பு வருது. பந்து மற்றவையிட்டப் போன உடன, ரெண்டு கரையிலயும் ஓடுற மோசஸும் அலொன்சோவும் எங்க நிண்டவை? பின்னுக்கு. மூண்டும் இரண்டும் எங்கட ஊரில ஐஞ்சு.

குளக்கட்டு: எழுதினது நான்தான் அண்ணை, பேரைச் சொல்லியே ஏசலாம். செப்டெம்பர் 24, ஆர்சனலிட்ட 3-0 வாங்கின அண்டைக்கு பப்ரிகாசை எடுத்துப்போட்டு அலொன்சோவை விட்டதில துவங்கினது. பிறகு லீக்கில தொடர்ந்து 13 வெற்றி. மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு 4, எவர்ட்டனுக்கு 5. ஐஞ்சு பேர் பின்னுக்குக் குந்தியிருந்தோ உவ்வளவு கோல்?

முறிகண்டிக் கச்சான்: கோல் கேக்கேல்லை தம்பி. ஆளை எண்ணு. ஐஞ்சு.

மாங்குளம் சந்தி: அந்த 3-0ஐ இன்னொருக்காச் சொல்லுங்கோ, ஆர்சனல் ஆக்களுக்கு வேற என்ன கிடக்கு. நடுவில கான்ரே ஓடாட்டி உந்தத் திட்டம் சரிவந்திராது.

முறிகண்டிக் கச்சான்: கான்ரேயோ கொன்ரேயோ? எழுதப் பழகும் முதல்ல.

மாங்குளம் சந்தி: உள்ளுக்கு ஓடினது கான்ரே. வெளியில நிண்டு கத்தினது கொன்ரே. நீங்கள் ரெண்டாவது வகை.

குளக்கட்டு: மோசஸ் காவல்காரனே இல்லை. லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ற்ஹாம் எண்டு இரவல் போய்த் திரிஞ்ச விங்கர், கரையால முன்னுக்கு ஓடுற ஆள். சப்பாத்தில சுண்ணாம்பு ஒட்டக் கோட்டோட நிண்டு மேல ஏறுவான், முதுகை அஸ்பிலிகுவெற்றா பாப்பார். அங்கால அலொன்சோ நிக்கிறபடியா முன்வரிசை அசாருக்குப் பின்னுக்கு ஓடுற வேலை குறைவு. இதைப் போய் ஐஞ்செண்டால்? கச்சான் அள்ளுற மாதிரிக் கையால எண்ணாதேங்கோ.

முறிகண்டிக் கச்சான்: நீட்டி எழுதினாப்போல ஐஞ்சு மூண்டாகாது. ஜனவரியில ரொட்டன்ஹாம் செல்சீக்கு 2-0 அடிச்சது. அலி ரெண்டும் தலையால. ஐஞ்சு பேர் நிண்டும்!

குளக்கட்டு: ஐஞ்சு பேர் நிண்டா அது விழுந்திருக்குமோ அண்ணை?

நெத்தலி: போன சித்திரைப் போட்டியில கச்சான் அண்ணையின்ர ரீம் பின்னுக்கு நாலு பேர். நாலாவது ஆள் அவர். பந்து அவரைத் தாண்டி வயலுக்க போனது, வரம்பு வரம்பாத் தேடி எடுக்கப் பொழுதுபட்டிட்டுது.

முறிகண்டிக் கச்சான்: அண்டைக்குச் சப்பாத்து இரவல். உங்கட பொடியன் ஒருத்தன் வேற பேரில விளையாடினதை எழுதட்டோ?

நெத்தலி: எழுதுங்கோ. நடுவர் உங்கட மச்சானெண்டு நானும் எழுதுறன்.

மாங்குளம் சந்தி: 2017 மே, எஃப்.ஏ. கிண்ண இறுதி. ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரும் பின்னுக்கு மூண்டு பேரை வைச்சுத்தான் செல்சீக்கு 2-1 அடிச்சவர். மோசஸ் பொய்யா விழுந்து வெளியில போனதையும் எண்ணுங்கோவன்.

குளக்கட்டு: லீக் ஆருக்கு? 30 வெற்றி, 93 புள்ளி. 3-4-3.

முறிகண்டிக் கச்சான்: ஐஞ்சு. கரண்ட் வரட்டும், மட்சை நிப்பாட்டி ஒவ்வொரு ஆளுக்கும் வட்டம் போட்டு அனுப்புறன்.

நெத்தலி: பாத்து அண்ணை, நடுவருக்கும் வட்டம் போட்டிடாதேங்கோ.