பழைய ஓட்டு வீடு, ஃப்ரிட்ஜ தொட்டா ஷாக். நியூட்ரல்ல இருந்து எர்த் குடுத்துட்டு போயிட்டாரு, இது சரியா?

ஆடுதுறைப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ஆடுதுறை பக்கம் கிராமத்துல, தாத்தா காலத்து ஓட்டு வீடு, திண்ணை ரேழி முத்தம் கூடம்னு நீளமா போய் கொல்லையில முடியும். அம்மா மட்டும்தான் அங்க, நான் திருப்பூர்ல. ஒயரிங் எல்லாம் மரச்சட்டம் அடிச்சு அது மேல கிளிப் போட்டு இழுத்தது, மெயின் போர்டுல பீங்கான் ஃபியூஸ், மூணு நாலு எடத்துல இன்னும் ரெண்டு பின் பிளக் பாயிண்ட்தான்.

ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து செவரெல்லாம் ஓதம். ஈரக்கையோட ஃப்ரிட்ஜ் கதவ தொட்டா சுருக்குனு இழுக்குதுன்னு அம்மா சொன்னாங்க, செருப்பு போட்டுக்கிட்டுதான் தொறக்குறாங்களாம். ஒருத்தர வரச்சொன்னேன், அவரு பிளக் பாயிண்ட்டுக்குள்ள நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயர எடுத்து எர்த் ஓட்டையில சேத்து முறுக்கிட்டு இனிமே ஷாக் வராதுன்னு போயிட்டாரு. நெசமாவே நின்னுடுச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. வீடு முழுக்க ஒயரிங் மாத்த ஒன்றரை லட்சம் கேக்குறாரு, ஒரேடியா என்னால முடியாது. எத மொதல்ல செய்யணும்? அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வேற வாங்கலாம்னு இருந்தேன், இந்த நெலமையில வாங்கலாமா?

குடமுருட்டிக்கரை:
தங்கச்சி, மத்தத பொறவு பேசலாம். இப்பவே அம்மாவுக்கு போன் போட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, காஞ்ச கையால ஃப்ரிட்ஜ் பிளக்க உருவ சொல்லுங்க. அந்த துண்டு ஒயர எடுக்குற வரைக்கும் அந்த பாயிண்ட்ல எதையும் சொருக வேண்டாம்.

ஷாக் நின்ன மாதிரி தெரியுது பாருங்க, பயமே அதுலதான். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி போற ஒயர், நல்லா இருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அது எங்கயாவது வுட்டுப்போச்சுன்னா ஃப்ரிட்ஜ் மோட்டார் வழியாவோ எரியிற லைட் வழியாவோ வர்ற 230 வோல்ட்டுக்கு திரும்பி போக பாதை இல்ல, அந்த துண்டு ஒயர் வழியா நேரா ஃப்ரிட்ஜ் பாடிக்கு வந்து நிக்கும். ஃப்ரிட்ஜ் புதுசா இருந்தாலும் இதே கதிதான். அதுலயும் பழைய போர்டுன்னா ஃபேஸுக்கு (கரண்ட் வர்ற ஒயர்) ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ்னு ஜோடியா போட்டிருப்பாங்க. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போச்சுன்னு வைங்க, வீடு இருட்டாயிடும், கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சு அம்மா ஃப்ரிட்ஜ்ல இருந்து பால எடுக்க போவாங்க. உயிர் அந்த நேரத்துலதான் போகும். உங்க போர்டுல எத்தன ஃபியூஸ் கட்டை இருக்குன்னு ஒரு போட்டோ கேட்டு வாங்குங்க.

பழைய வயர்மேன், மன்னார்குடி:
மேல தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. நாப்பது வருஷம் நம்ம பக்கத்து வீடுகள்லயே ஒயரிங் செஞ்சவன், அந்த அனுபவத்துல சொல்றேன்மா.

உங்க வீட்டுக்கு ஆரம்பத்துல எர்த் இருந்திருக்கும். அப்பல்லாம் கொல்லையில அடிபம்பு இருந்தா அந்த இரும்பு பைப்புலயே கிளாம்ப் போட்டு எர்த் கம்பிய கட்டிடுவாங்க, பைப்பு தண்ணி வரைக்கும் எறங்கியிருக்கும், நல்லாவே வேலை செஞ்சுது. பின்னாடி போர் போட்டு பிவிசி பைப்பு எறக்கி மோட்டார் வச்சதும் அடிபம்ப புடுங்கி பழைய இரும்புக்காரனுக்கு போட்டாச்சு, கம்பி மட்டும் அந்தரத்துல தொங்குது. நான் பாத்த வீடுகள்ல பாதிக்கு மேல இதுதான் கதை. அம்மாவ கொல்லைப்பக்கம் பாக்க சொல்லுங்க, ஆனா கம்பிய கையால தொடக்கூடாது, தூரத்துல நின்னு பாத்தா போதும்.

செலவ பிரிச்சு செய்யலாம், பயப்படாதீங்க. மொத காசு ஆர்சிசிபிக்கு. மீட்டருக்கு அடுத்து டபுள் போல் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழறது, அதாவது தானா ஆஃப் ஆயிடறது. போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் ஒண்ணா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும், ஆள் வழியா மண்ணுக்கு கசிஞ்சா கண் இமைக்கிற நேரத்துல வெட்டிடும். எர்த்தே இல்லாத வீட்லயும் இது வேலை செய்யும், ஆனா அப்ப ஆள் தொட்ட பெறகுதான் விழும், எர்த் இருந்தா தொடறதுக்கு முன்னாடியே விழுந்துடும், அதனால ரெண்டும் வேணும். கூடவே ஃபியூஸ் கட்டைய எடுத்துட்டு எம்சிபி, லைட்டுக்கு 6 ஆம்பியர், பவருக்கு 16. ஓவர்லோடுக்கு எம்சிபி, கசிவுக்கு ஆர்சிசிபி, ஒண்ணு இன்னொண்ணோட வேலைய செய்யாது.

அடுத்தது கொல்லையில எர்த் குழி. நம்ம ஊரு களிமண்ணு, ஆத்துல தண்ணி ஓடுற மாசத்துல எர்த் அருமையா இருக்கும், சித்திரையில வயல் வெடிக்கிறப்ப அதே எர்த் சொத்தை ஆயிடும். எர்த்தோட தடை 5 ஓம் இருந்தா, ஃபேஸ் பாடியில பட்டதும் 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர் பாயும், ஃபியூஸ் போயிடும். 20 ஓமா ஏறிடுச்சுன்னா பாயறது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் ஃபியூஸ் அசையாம நிக்கும், பாடியில கரண்ட்டும் நிக்கும். ஆர்சிசிபி விழ அந்த 11.5 தாராளமா போதும். அப்படியும் குழிக்கு கோடையில மாசம் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.

அப்புறம் ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் மூணுக்கும் 2.5 ஸ்கொயர் ஒயர்ல எர்த்தோட தனித்தனி லைன், மூணு பின் பாயிண்ட். அது முடிஞ்சாதான் மெஷின் வாங்கணும். மரச்சட்டத்து லைட் லைன் கடைசியா மாத்திக்கலாம், மெகர் (ஒயர் தோல்ல கசிவு இருக்கான்னு பாக்குற கருவி) வச்சு பாத்து ரொம்ப மோசமான ரூம மட்டும் இப்ப கழட்டி வைக்கலாம்.

ஒண்ணு சொல்லிடறேன். பழைய வீட்ல ஆர்சிசிபி போட்டதும் அடிக்கடி விழும். ஓதம் இருக்கும், எலி கடிச்ச ஒயர் இருக்கும், எங்கயாவது நியூட்ரல் எர்த்தோட சேந்திருக்கும். தொல்லையா இருக்குன்னு அத பைபாஸ் பண்ண சொல்ற ஆள வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

கடலோரத்தான், வேதாரண்யம்:
இதோட துணி காயப்போடற கொடியையும் பாருங்கக்கா. சர்வீஸ் ஒயர் தாங்குற இரும்பு பைப்புல ஒரு முனை, கொல்லை மரத்துல மறு முனைன்னு கம்பிக்கொடி கட்டியிருப்பாங்க. ஒயர் தோல் உரிஞ்சு பைப்புல ஒரசினா ஈரத்துணி போடற கைக்கு நேரா வந்துடும். நைலான் கயிறா மாத்திடுங்க.

நியூட்ரல் வுட்டுப்போறது எப்பவோ நடக்குறதுன்னு நெனைக்காதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் போஸ்ட் மரமெல்லாம் சாஞ்சு, திரும்ப கரண்ட் வந்த அன்னைக்கு எங்க தெருவுல நியூட்ரல் சரியா சேராம பல்பெல்லாம் பளீர்னு எரிஞ்சு வெடிச்சுது, அன்னைக்கு அந்த துண்டு ஒயர் எங்க வீட்ல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நெனச்சாலும் ஒதறுது.

ஆடுதுறைப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேற ஒரு வயர்மேன கூட்டிக்கிட்டு நானே ஊருக்கு வந்துட்டேன். போர்டுல ரெண்டு ஃபியூஸ்தான் அண்ணே, நியூட்ரல் கட்டைய உருவி பாத்தா உள்ள ஒரே ஒரு மெல்லிசு இழை, அதுவும் பாதி கருகிப்போய் தொட்டதும் கையோட வந்துடுச்சு. ஃபேஸ் கட்டையில மட்டும் செம்பு இழை நாலஞ்ச சேத்து முறுக்கி வச்சிருந்தாங்க. துண்டு ஒயர எடுத்தாச்சு.

ஐயா சொன்ன மாதிரியே எர்த் கம்பி மருதாணி செடிக்குள்ள கெடக்குது, முனையில துருப்புடிச்ச கிளாம்ப் மட்டும். அடிபம்ப எடுத்து பன்னெண்டு வருஷம் ஆச்சுன்னு அம்மா சொல்றாங்க.

ஆர்சிசிபியும் எம்சிபியும் நேத்து மாட்டியாச்சு, குழி நாளைக்கு. கொல்லை மாட்டுக்கொட்டகை லைட்ட போட்டா மட்டும் ஆர்சிசிபி விழுது, அந்த லைன போர்டுலயே கழட்டி வச்சுட்டு அம்மாவுக்கு ஒரு சார்ஜ் லைட் வாங்கி குடுத்திருக்கேன். ஐயா, அந்த லைன் ஒயர் மாட்டுத்தொட்டிய ஒட்டினாப்ல செவத்துல போகுது, புதுசா இழுக்கும்போது எந்தப் பக்கமா கொண்டு போறது நல்லது?