அப்டேட்: ஒசாகா ஒரு நாள், போயிட்டு வந்தாச்சு

ஜப்பான்ல ஒசாகால ஒரே ஒரு நாள் தான் இருக்கு, எதைப் பாக்க, எங்க சாப்பிடன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி மக்களே.

காலைல கோட்டை. வெளிய இருந்து செம கெத்து, ஆனா அந்த டவர் 1931ல கட்டின கான்கிரீட், உள்ள லிஃப்ட் வச்ச மியூசியம், கூட்டம் வேற. எனக்கு சுவர் தான் புடிச்சது, 1620கள்ல அப்போ ஜப்பான ஆண்ட டொகுகாவா ஆளுங்க திரும்ப எழுப்பினது, ஒரு கல்லு மட்டுமே 100 டன்னுக்கு மேலயாம், எப்படிடா தூக்கிட்டு வந்தீங்கன்னு வாயப் பொளந்து நின்னேன்.

சாயங்காலம் டோட்டன்போரி, சாப்பாட்டுக் கடைங்க நெறஞ்ச ஏரியா. தக்கோயாக்கி போடுறத பாத்துட்டே நிக்கலாம், நம்ம பணியாரக்கல்லு மாதிரியே குழி, மாவ ஊத்தி ஆக்டோபஸ் துண்டு போட்டு ஊசியால சர்ரு சர்ருன்னு திருப்புறாங்க, ஆனா ஆறவிட்டு கடிங்க, உள்ள கொழகொழன்னு நெருப்பு. சைவம் கேட்டவங்களுக்கு: ஆக்டோபஸ எடுத்துட்டாலும் மாவுலயே மீன் ஸ்டாக் இருக்கும், வேணாம்.

பக்கத்து சந்துலயே ஹோசென்ஜி கோயில், தண்ணி ஊத்தி ஊத்தியே சாமி மேல மொத்தமா பாசி, முகமே தெரியல. அத மிஸ் பண்ணாதீங்க.

ஷின்செகாய் ஏரியால குஷிகட்சு (குச்சில குத்திப் பொரிச்சது) சாப்பிட்டேன், பொது சாஸ் டப்பா வச்ச கடைன்னா ஒரு தடவ தான் முக்கணும், கடிச்சத திரும்ப முக்கினா திட்டு விழும். அப்புறம் எஸ்கலேட்டர்ல வலது பக்கம் நில்லுங்க, டோக்கியோவுக்கு நேர் எதிர்.

குரோமோன் மார்க்கெட் நேரம் பத்தல, விட்டாச்சு.