பணம், காதல், குடி: கருத்துச் சீட்டில் ஏன் யாரும் தம்மைப் பற்றி எழுதுவதில்லை?

பாமணிக்கரை (மன்னார்குடி) கேட்டது:

மன்னார்குடியில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய வாசகர் வட்டம் நடத்தி வருகிறோம். சித்திரை மாதத்திலிருந்து ஒவ்வொரு நூலின் பின்னட்டைக்குள்ளும் ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டி, படித்தவர் இரண்டு வரியில் தம் கருத்தை எழுதிவிட்டு நூலைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொண்டோம். அதிகம் வெளியே போகும் மூன்று தட்டுகளின் சீட்டுகளைச் சென்ற வாரம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தபோது எனக்குக் குழப்பமே மிஞ்சியது.

சேமிப்பு, கடன், முதலீடு பற்றிய நூல்களில் "மிகவும் பயனுள்ள நூல், அனைவரும் படிக்க வேண்டும்" என்ற ஒரே வாக்கியம் பதினொரு சீட்டுகளில், பதினொரு கையெழுத்துகளில் இருக்கிறது. காதல் நாவல்களோ தையல் பிரியும் அளவுக்குப் படிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் சீட்டுகள் வெள்ளையாகவே கிடக்கின்றன. ஒன்றில் மட்டும் "சும்மா பொழுது போகப் படித்தேன்" என்று பென்சிலில், பெயரில்லாமல் எழுதியிருக்கிறது. குடியிலிருந்து மீள்வது பற்றிய நூல்களில்தான் நீளமாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் எல்லாம் பிறருக்காக: "என் நண்பர் ஒருவருக்காக எடுத்தேன்", "எங்கள் தெருவில் ஒருவருக்குப் பயன்படும்".

நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் இருக்கிறார் என்றார். இந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அந்த வாசகரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டை எடுத்துவிடலாமா, அல்லது கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

ஐயா, நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே உங்கள் முதல் தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"பயனுள்ள நூல்" என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நூல் என்னை நினைத்து எழுதப்பட்டதன்று என்பதை அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் பார்த்த பண நூல்களில் பெரும்பாலானவை மாதம் முதல் தேதி சம்பளம் வரும் ஒருவரை மனத்தில் வைத்தே தொடங்குகின்றன. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வை, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்துக்கொள் என்கின்றன. நல்ல அறிவுரைதான். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்து, குறுவை அறுத்தால் புரட்டாசி ஐப்பசியிலும், சம்பா தாளடி அறுத்தால் தை மாசியிலும் பணத்தைக் கண்ணால் பார்க்கும் மனிதருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்த மாதத்தில் வரும்? அதுவும் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திரும்பக் காயவைத்து, எடை போட்ட பிறகுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குத்தகை விவசாயி இப்படி ஒரு நூலைப் படித்துவிட்டு உற்சாகமாகப் பரஸ்பர நிதியில் மாதம் 2,000 ரூபாய் போடத் தொடங்கினார். அதே நேரத்தில் ஆவணியில் நாற்றுக்கும் உரத்துக்குமாக வாங்கிய 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு 1,500, தையில் அறுக்கும்வரை ஆறு மாதத்துக்கு 9,000. தினத்தாள் காலண்டரின் பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத்தில் அவர் போட்ட 12,000 ரூபாய் ஈட்டியிருக்கக் கூடியது சுமார் 427 ரூபாய். அந்த 2,000-ஐ மாதாமாதம் கடனில் கழித்திருந்தால் மிச்சமாகும் வட்டி 1,260 ரூபாய். (சிறுகச் சிறுகக் கொடுத்தால் வாங்க மாட்டேன், மொத்தமாகக் கொடு என்று சொல்லும் கடன்காரர்களும் உண்டு; அந்த மாதிரி ஆட்களைப் பற்றி நான் பார்த்த நூல் எதிலும் ஒரு வரி இல்லை.)

கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டிவிட்டால் விவசாயிக்கு வட்டியே கிடையாதே, இவர் ஏன் நூற்றுக்கு மூன்றுக்குப் போனார் என்று கேட்பீர்கள். சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது, குத்தகை வாய்ப்பேச்சில் இருக்கிறது. சங்கத்தில் காட்ட அவரிடம் காகிதம் இல்லை. இதையெல்லாம் இரண்டு வரிச் சீட்டில் அவர் எங்கே எழுதுவார்? "பயனுள்ள நூல்" என்று எழுதி வைத்துவிடுவார். உங்கள் சீட்டில் "நூல் எப்படி இருந்தது" என்று கேட்காமல், "இதில் உங்களுக்குப் பொருந்தாத ஒரு யோசனை எது" என்று கேட்டுப் பாருங்கள்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

நடுத் தட்டைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளாக அந்தத் தட்டில்தான் வாழ்கிறேன்.

வெள்ளைச் சீட்டைப் பார்த்து வாசகருக்குக் கருத்தில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் மணமாகி வந்த புதிதில் மாத நாவல் ஒன்று எங்கள் தெருவில் பத்து வீடு சுற்றும். யார் படித்து முடித்தார்கள் என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியோ, கோலத்தின் ஒரு சுழியோ போட்டு வைப்போம். பெயர் எழுத மாட்டோம். என் மாமியாரும் படிப்பார், நானும் படிப்பேன், இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் அடையாளம் ஒரு பெருக்கல் குறி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

1984-இல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே நேரில் கேட்டு எழுதினார். கதை என்ன சொல்கிறது என்பதோடு, படிப்பதற்காக அவர்கள் ஒதுக்கிக்கொண்ட நேரமும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் செய்துகொண்டிருப்பவள், கையில் புத்தகம் இருக்கும்வரை என்னைக் கூப்பிடாதே என்று சொல்லாமல் சொல்கிறாள். எனக்கு அது பிற்பகல் இரண்டரை மணி முதல் பள்ளிக்கூடப் பேருந்து தெருமுனையில் ஒலிப்பானை அடிக்கும்வரை. அந்த நேரத்தைப் பற்றிச் சீட்டில் எழுதினால் அதற்கும் ஒரு வேலை வந்துவிடும் என்ற பயம் எவளுக்கும் இருக்கும்.

ஆனால் இந்த நாவல்கள் எல்லாம் நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. முதல் ஐம்பது பக்கத்தில் கதாநாயகியைக் கை நீட்டி அடித்தவன், அவள் மேலுள்ள காதலால்தான் அடித்தான் என்று கடைசி ஐம்பது பக்கத்தில் தெரியவரும் கதைகள் இன்றும் விற்கின்றன. நானும் அவற்றைப் படித்து அழுதிருக்கிறேன், பிறகு வெட்கப்பட்டிருக்கிறேன். படிப்பவர்களுக்கு இது தெரியாது என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பதுதான் எனக்குக் கோபம். வாடகை நூலகத்தில் நான் எடுத்த ஒரு நாவலில், அவன் மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு எதிரே நீல மையில் "இவனை விட்டிருக்க வேண்டும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். விமர்சனம் வேறெங்கே இருக்கிறது? பின்னட்டையை விட்டுவிட்டு, அடித்தவன் திருந்தும் பக்கத்தின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

"நண்பருக்காக" என்று நானும் எழுதியிருக்கிறேன். வேறொரு நூலகத்தில். அந்த நண்பர் என் கணவர்.

குடி பற்றிய நூலைக் குடிப்பவர் எடுத்து வருவது அரிது. எங்கள் வீட்டில் நான்தான் எடுத்து வந்தேன், நான்தான் முதலில் படித்தேன், அவர் கண்ணில் படட்டும் என்று தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தேன். இரண்டு வாரம் அதன் மேல் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் படித்தார். மன உறுதி இருந்தால் இன்றைக்கே, இந்த நிமிடமே நிறுத்திவிடலாம் என்பது அந்த நூலின் சாரம். பதினெட்டு ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறுத்தினார். சனிக்கிழமை தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அன்று இரவே வலிப்பு வந்தது. ஞாயிறு மாலை, சுவரில் பூரான் ஊர்கிறது என்று துடைப்பத்தை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார், சுவரில் ஒன்றுமில்லை.

நீண்ட காலம் அதிகமாகக் குடித்த உடல் திடீரென்று மது இல்லாமல் போகும்போது இப்படி ஆகும் என்பதையும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும் அதன் பிறகு மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம் என்பதையும், மருத்துவமனையில் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து நிறுத்த வைப்பதே பாதுகாப்பானது என்பதையும் மருத்துவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இருநூறு பக்க நூலில் அது ஒரு பக்கமாவது இருந்திருக்க வேண்டும். என் கருத்துச் சீட்டில் நான் எழுதியிருக்க வேண்டியது அதுதான். எழுதியதோ, "நல்ல நூல், என் நண்பருக்கு உதவியது" என்று.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், நூலகத்தில் முத்திரை போடுபவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. காரணம் அவ்வளவு சின்னது.

அவர் நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடையில் இரண்டு முறை தவறினார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அவருக்கு உதவியது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டிலும் நடக்கிறது. அங்கே பெயரின் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குடிப்பவரின் குடும்பத்துக்காக 1951-இல் தனியே தொடங்கப்பட்ட அல்-அனான் என்ற அமைப்பு இருப்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. ரங்கநாதன் சொன்ன அந்த வாசகர் உங்கள் மூன்றாவது தட்டில் பெரும்பாலும் மனைவியாகவோ தாயாகவோதான் இருப்பார் என்பது என் எண்ணம்.

குடமுருட்டி எழுதியது:

அம்மா, படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெயரில்லாத சீட்டு கணக்கில் வராத பணம் போன்றது, கையெழுத்துக் கட்டாயம் வேண்டும் என்று எழுதத்தான் இங்கே திரும்பி வந்தேன். உங்கள் தட்டுக்கு அது பொருந்தாது. பண நூல்களுக்கு வேண்டுமானால் பெயர் இருக்கட்டும் என்ற இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

அரசலாறு எழுதியது:

பண நூலுக்கும் வேண்டாம் ஐயா. நூற்றுக்கு மூன்றுக்குக் கடன் வாங்கியவர் அதைத் தம் பெயரோடு எழுதி, அதே சீட்டைக் கடன் கொடுத்தவரின் மகன் படிக்கும் ஊரில்தானே நாம் இருக்கிறோம்?

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வட்டத்தில் பேசி முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பண நூல்களில் குடமுருட்டி ஐயாவின் கேள்வியை அப்படியே அச்சடித்து ஒட்டுகிறோம், பெயருக்கு இடம் விடாமல். (அவர் என்னை மன்னிக்க வேண்டும்.) குடி பற்றிய நூல்களில் சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் நாள்தோறும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் ஒட்டியிருக்கிறோம். அந்தத் தட்டையும் வாசலுக்கு எதிரிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டோம். எடுப்பவரை முத்திரை போடும் மேசையிலிருந்து பார்க்க முடியாது.

நாவல்களின் ஓரங்களை நேற்று மாலை முழுக்கப் புரட்டினேன். அரசலாறு அம்மா சொன்னது சரி. அதிகம் கிழிந்த நாவலின் 140-ஆம் பக்கத்தில், அவன் கண்ணீர் விடும் இடத்தில், "மன்னிக்கக் கூடாது" என்று பென்சிலில் இருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், பேனாவில், "மன்னிக்காமல் எங்கே போவாள்?" என்று இருக்கிறது. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒருவர், "தஞ்சாவூரில் பெண்கள் விடுதி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.