மறு: "தானியங்கி எலிப்பொறி" வேண்டாமே, தன்னேற்றுப் பொறி?

வணக்கம். அடித்த பிறகு தானாகவே மறுபடி தயாராகும் எலிப்பொறிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> தானியங்கி எலிப்பொறி என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கடையில் வாங்கும் பலகைப் பொறியும் தானாகத்தான் அடிக்கிறது, யாரும் பக்கத்தில் நின்று கயிறு இழுப்பதில்லை. நாம் பேசும் குட்நேச்சர் ஏ24 என்ற பொறியில் புதுமை அடித்த பிறகு நடப்பதுதான்: கரியமில வாயு ஒரு தண்டைத் தள்ளி மண்டையில் அடிக்கிறது, எலி கீழே விழுகிறது, பொறி அடுத்த அடிக்குத் தயாராகிவிடுகிறது. 16 கிராம் வாயுக் குப்பி ஒன்றுக்கு 24 முறை அடிக்கும். சொல் பிடிக்க வேண்டியது இந்த "மறுபடி தயார்" என்பதை.

அப்புறம், நீங்கள் மொழிபெயர்ப்பது பராமரிப்புக் குறிப்பேடு. "தானியங்கி" என்று படித்தவர் மரத்தில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார். 2050க்குள் எலி, ஸ்டோட் (கீரி போன்ற சிறு வேட்டை விலங்கு), போசம் (மரமேறும் பைப்பாலூட்டி) எல்லாவற்றையும் ஒழிப்பது என்று 2016இல் நியூசிலாந்து அரசு அறிவித்ததே, அங்கே காடுகளிலும் தோட்டங்களிலும் இந்தப் பொறிகளை வைப்பவர்களுக்கு வேலை ஓய்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயுக் குப்பியையும் எலியை இழுக்கும் வாசனைப் பசையையும் மாற்ற வேண்டும், அடி மிச்சம் இருந்தாலும் சரி. பசையை நத்தையும் எறும்பும் தின்னும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். முடி, இரத்தம், காய்ந்த பசை எல்லாம், எலி தொட்டதும் பொறியை அடிக்க வைக்கும் விசைக்கம்பியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், அதைத் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் குச்சியால் விசையைத் தட்டி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், விரலால் அல்ல. கையுறை கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

ஆபத்தும் இங்கேதான். பலகைப் பொறி ஒரு முறை அடித்துவிட்டால் வெறும் கட்டை. இதுவோ எலி செத்து விழுந்த பிறகும் அடிக்கத் தயாராக இருக்கிறது. குப்பியைக் கழற்றிய பின்னும் உள்ளே மிஞ்சிய வாயு ஓர் அடி அடிக்கலாம், அதனால் கழற்றியதும் குச்சியால் தட்டி அதையும் தீர்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

"தன்மீட்புப் பொறி" என்று ஒருவர் எழுதியிருந்தார். மீட்பு என்றதும் எலியைக் காப்பாற்றுகிற கூண்டு நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும். "தன்பூட்டுப் பொறி" எனக்குப் பிடித்திருந்தது, ஏர் பூட்டுவது, நாண் பூட்டுவது என்று நல்ல பழைய சொல். ஆனால் இன்று பூட்டு என்றால் சாவிதான் ஞாபகம் வரும்.

என் பரிந்துரை தன்னேற்றுப் பொறி. வில்லில் நாண் ஏற்றுகிறோம், துப்பாக்கியில் குண்டு ஏற்றுகிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் எலிக்கு வைக்கும் கிட்டியும் மூங்கில் வில்தானே. ஒரு கிட்டிக்கு ஓர் எலி, பிறகு ஆள் வந்து வளைத்து வைத்தால்தான் உண்டு. அந்த ஆள் வேலையைப் பொறியே செய்துகொள்கிறது என்பது இந்தப் பெயரில் வந்துவிடுகிறது. கூடவே ஒரு வசதி: "ஏற்றிய நிலை", "இறக்கிய நிலை" என்ற இணையும் கிடைக்கிறது. "பொறியை இறக்கிய பிறகே சுத்தம் செய்க" என்று ஒரே வரியில் எச்சரிக்கை எழுதலாம். "தானியங்கி"யை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

மின்கலத்தில் ஓடும் ஏடி220 போன்ற பொறிகளுக்கும் இது பொருந்தும், பெயரில் வாயு வராததால். அங்கே சார்ஜ் ஏற்றுவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பலாம், அதனால் அந்தப் பக்கத்தில் மட்டும் "மின்னேற்றம்" என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

"பொறி"யில் கை வைக்க வேண்டாம். பூச்சிகளுக்கு வைக்கும் விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி என்று உழவர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. பசைக்கு "இரை" சரிப்படாது என்று நினைக்கிறேன், இது வயிறு நிரப்ப வைப்பதல்ல, மணத்தால் இழுப்பது. "கவர்பசை" எப்படி? சாக்லேட் கவர்பசை எலிக்கு, இறைச்சிக் கவர்பசை ஸ்டோட்டுக்கு என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. வேறு சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.