மறு: ‘எக்ஸாசர்பேஷன்’ - சீற்றமா, கிளம்பலா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். மூன்று நாளாக மடல்களை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ‘சிஓபிடி’ என்கிற நோயின் பெயரை ‘நாட்பட்ட சுவாசத்தடை நோய்’ என்று ஒருவாறு முடிவுகட்டியாயிற்று. அதைத் திரும்பக் கிளற வேண்டாம். அந்த நோய் திடீரென்று மோசமாகும் நிகழ்வுக்குத்தான், ஆங்கிலத்தில் ‘எக்ஸாசர்பேஷன்’ என்பதற்குத்தான், இப்போது தமிழ்ச் சொல் தேவை.

> ‘தீவிரமடைதல்’ ஏற்கெனவே நூல்களில் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் திடீரென வருவதைக் குறிக்கும் ‘அக்யூட்’ என்பதற்கும் ‘தீவிர’ என்றே போட்டுவிட்டோம். ‘அக்யூட் எக்ஸாசர்பேஷன்’ என்று வரும்போது ‘தீவிரத் தீவிரமடைதல்’ என்று எழுதுவதா?

அதைவிட மோசமான ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நான் மருந்தாளனாக இருந்த காலம். ஒரு வைத்தியசாலையில் எழுதிக் கொடுத்த துண்டில் ‘நோய் முற்றிய நிலை’ என்று இருந்தது. மருந்து வாங்க வந்த மகன் அதைக் காட்டி, “இனி உம்மாவ வீட்ட கொண்டு போறதா சேர்?” என்று கேட்டார். அந்த உம்மா ஐந்தாம் நாள் நடந்துதான் வீட்டுக்குப் போனா. முற்றல் வேறு, இது வேறு. முற்றல் ஆண்டுக் கணக்கில் நடப்பது, திரும்பாதது. நாம் பேசுவது நாள் கணக்கில் ஏறி, மருந்துக்குத் தணிவது. 2021இல் ரோம் முன்மொழிவு என்று வந்த வரைவிலக்கணம், மூச்சுத் திணறலோ இருமலும் சளியுமோ 14 நாளுக்குள் கூடியிருக்க வேண்டும் என்று எல்லையே போட்டிருக்கிறது. அதற்கு முன் பலரும் கைக்கொண்டது 1987இல் அந்தோனிசன் குழுவினர் சொன்ன மூன்று குறிகள்: மூச்சு முட்டல் கூடுதல், சளி கூடுதல், சளி சீழ் நிறமாதல். இரண்டிலும் ‘கூடுதல்’தான் உயிர்நாடி. சிலருக்கு ஏறியது பழைய மட்டத்துக்கு முழுதாக இறங்குவதில்லை என்பதும் உண்மைதான். அதற்காக இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது.

> சித்த மருத்துவத்தில் ஈளை, இரைப்பு, சுவாசகாசம் எல்லாம் உண்டு. ‘சுவாசகாச மிகுதி’ எனலாமே?

திருகோணமலை வைத்தியர் அம்மாவுக்கு: நீங்கள் சொல்வது மரபுப்படி சரி, காசம் என்றால் இருமல்தான். ஆனால் அரசு ‘டிபி’க்குக் காசநோய் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அந்தச் சொல் நம் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் மாவட்டங்களில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இரண்டு நோய்க்காரரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அங்கே போகவே கூச்சப்படுகிறவர்களின் கொப்பியில் ‘காசம்’ என்று எழுதினால் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்கள். ‘இரைப்பு’ நல்ல சொல். அது அறிகுறியின் பெயராகவே இருக்கட்டும்.

இனி, இந்த இழையில் முன்வைக்கப்பட்ட ‘சீற்றம்’. முதலில் வாசித்தபோது எனக்கும் நெஞ்சு துள்ளியது. கடல் சீறி அடங்குவதுபோல நோயும் சீறி அடங்கும். மூச்சின் சீறல் ஒலியும் சொல்லுக்குள் கேட்கிறது. சொல்லாக்கம் என்ற வகையில் இந்த இழையில் வந்தவற்றுள் ஆக அழகானது இதுதான். ஆனாலும் நான் எதிர்க்கிறேன். காரணம் எங்கள் கிழக்கிலங்கைக் கரையோடு பட்டது. இங்கே சீற்றம் என்றால் அம்மனின் சீற்றம். கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசியில் குளிர்த்தி செய்வதே அவளின் சீற்றத்தைத் தணிக்கத்தான். அம்மை போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை கட்டுகிற ஊர் இது. ‘உங்களுக்கு நோய்ச்சீற்றம்’ என்று சொன்னால் எங்கள் அப்பாச்சிமார் மருந்தை உள்ளிழுக்கும் பம்பை (இன்ஹேலரை) தேடமாட்டார்கள், நேர்த்திக்கடனைத்தான் நினைப்பார்கள். நேர்த்தி வைக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. பம்பை அடித்துவிட்டு வைக்கட்டும்.

நான் வைப்பது ‘கிளம்பல்’. நானாக ஆக்கியதல்ல. கவுண்டரில் நான் கேட்டது: “தடிமன் புடிச்ச, மறுகா முட்டுக் கிளம்பிட்டு தம்பி, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு.” இந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். தடிமன் (ஜலதோஷம்) முதலில், முட்டு (மூச்சுத் திணறல்) பிறகு. நடுவிலே ‘மறுகா’, அதாவது ‘பிறகு’. மட்டக்களப்புத் தமிழின் இந்த ஒரு சொல்லுக்குள் நோயியலின் கால வரிசையே இருக்கிறது. வைரசு மூக்கிலும் தொண்டையிலும் தொடங்கும். சில நாள் கழித்துத்தான் ஏற்கெனவே வீங்கிச் சுருங்கிக் கிடக்கும் சிறு மூச்சுக்குழாய்கள் இன்னும் வீங்கிச் சளியால் அடைபடும். கிளப்பிவிடும் வைரசுகளில் அடிக்கடி காணப்படுவது சாதாரணத் தடிமனைத் தரும் றைனோ வைரசு. இன்புளுவென்சா, ஆர்எஸ்வி, கொரோனா வகைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. 2020இல் ஊரடங்கும் முகக்கவசமும் வந்தபோது பல நாடுகளில் இந்நோய்க்காக ஆஸ்பத்திரி வாட்டில் சேர்வோர் தொகை நன்றாகக் குறைந்தது. தடிமன் பரவாவிட்டால் முட்டும் அவ்வளவாகக் கிளம்பாது.

> எங்கள் ஊரில் ‘நோய் கிளம்பிவிட்டது’ என்றால் நோய் போய்விட்டது என்றல்லவா பொருள்படும்? நேர் எதிர்!

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நோய் அடிக்கடி மோசமாகிறவர்களை ‘அடிக்கடி கிளம்புவோர்’ என்று எழுதினால் சென்னையில் பயண முகவர் விளம்பரம் போலத்தான் இருக்கும். ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை உங்களுக்கும் உண்டுதானே? அந்தப் பூதம் ஊரைவிட்டுப் போகவில்லை. புழுதி கிளம்பும், புரளி கிளம்பும். உள்ளே அடங்கிக் கிடந்தது மேலே வருவதுதான் இச்சொல்லின் பழைய பொருள். புறப்படுவது அதன் கிளைதான். அதனால் தனியே ‘கிளம்பல்’ என்று விடாமல் ‘நோய்க்கிளம்பல்’ என்று கூட்டி எழுதலாம். கிளம்பும், கிளம்பியது, கிளப்பி, கிளம்பல் தணிவு என்று எல்லாப் பக்கமும் வளைகிறது. ‘தீவிரமடைதல்’ அப்படி வளையுமா என்று எழுதிப் பாருங்கள்.

நோயைக் கிளப்பிவிடுவதற்குக் ‘கிளப்பி’ என்று தனிச் சொல் கேட்பதற்கும் காரணம் உண்டு. வரைவில் சிலர் ‘வைரசுக் கிளம்பல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிளம்புவது வைரசு அல்ல, பழைய நோய். வைரசு கிளப்பி மட்டுமே. விறகடுப்புப் புகையும் கிளப்பிதான், நெல்லுச் சூடடிக்கும் தூசும் கிளப்பிதான். ஒரு சுருட்டும் தொடாத எத்தனையோ பெண்களின் நெஞ்சை அந்த அடுப்புத்தான் முதலில் கெடுத்தது. தொற்றையும் கிளம்பலையும் ஒரே சொல்லில் கட்டினால் என்ன நடக்கும்? “நெஞ்சுச்சளி, அமொக்சிசிலின் தாங்க” என்று துண்டில்லாமல் வந்து நிற்பார்கள். அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி வைரசை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிக் கூடினால்தான் வைத்தியர் அதை யோசிப்பார். கிளம்பலுக்குப் பெரும்பாலும் வேண்டியது மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோலும் இப்ரட்ரோப்பியமும், வீக்கம் தணிக்கும் பிரெட்னிசொலோனும். பிரெட்னிசொலோனும் நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் 5 நாள் போதும் என்று 2013இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. எங்கள் 5 மில்லிகிராம் குளிசையில் எட்டு. எட்டைக் கண்டதும் பயந்து நாலை எடுத்து வைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒட்சிசனும் அப்படித்தான், கூடக் கொடுத்தால் நல்லதென்று நினைப்பார்கள்; இவர்களுக்கு இரத்த ஒட்சிசன் செறிவை 88க்கும் 92 சதவீதத்துக்கும் இடையில் வைத்தால் போதும்.

ஊர்ச்சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா என்று ஒரு நண்பர் முகம் சுளித்திருந்தார். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அவர் ‘மறுகா’ என்பதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். இதை வாதமாக வைக்கவில்லை, பக்கத்து ஊர்க்காரன் என்ற பெருமையில் சொன்னேன்.

மாரிக்கு முன் கல்முனைப் பக்கத்தில் கொடுக்கவென்று ஓர் அட்டை தயாராகிறது. வைத்தியர் ஒருவர் பார்த்துத் திருத்திய வாசகம் இது:

“தடிமன் பிடித்துச் சில நாளில் மூச்சு முட்டலோ இருமலோ சளியோ கூடினால், அல்லது சளி நிறம் மாறினால், உங்கள் நோய் கிளம்புகிறது. நீல நிறப் பம்பை வைத்தியர் சொன்ன அளவில் பாவியுங்கள். வழமையான பம்பை நிறுத்த வேண்டாம். அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், உறக்கக் கலக்கம் கண்டால் 1990 அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.”

‘நீலித்தால்’ என்றுதான் நான் எழுதியிருந்தேன். ‘நீலம் பாரித்தால்’ என்று திருத்தியது மனைவி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘உறக்கக் கலக்கம்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் உள்ளவர்கள் அதற்கு முன் எழுதுங்கள். இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி வரும் மயக்கத்தைத்தான் சொல்கிறேன். வெறும் தூக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

அன்புடன்,
கல்முனையிலிருந்து, ஓய்வுபெற்ற மருந்தாளன்